வேதியியலாளர் அரசின் அறிவியல் ஆலோசகர் ஆவது எப்படி

வேதியியலில் முனைவர் பட்டம் முடித்தவர்களும் முடிக்கப்போகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஆய்வகத்தில் கற்றதை வைத்துக்கொண்டு அரசுக்கு ஆலோசனை சொல்லும் பணிக்குப் போக முடியுமா? தாராளமாகப் போகலாம், போனவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே உங்கள் முன் வந்து விழும் கேள்விகளில் பெரும்பாலானவை வேதியியல் கேள்விகளாக இருக்காது.

ஹென்றி டிசார்ட் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்து, பெர்லினில் புகழ்பெற்ற வேதியியலாளர் நெர்ன்ஸ்டிடம் பயின்று, எஞ்சின்களுக்கான பெட்ரோலின் தரத்தை ஆராய்வதில் பெயர் எடுத்தவர். 1935-இல் பிரிட்டனின் வான் பாதுகாப்புக்கான அறிவியல் குழு அவர் தலைமையில் கூடியது. அந்தக் குழு ஊக்கம் கொடுத்து வளர்த்தது ரேடாரை. டேவிட் கிங் உலோகப் பரப்புகளில் வாயுக்கள் எப்படி ஒட்டுகின்றன, எப்படி வினைபுரிகின்றன என்று ஆராய்ந்தவர். 2000-இல் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகரானார். சில மாதங்களிலேயே, 2001 பிப்ரவரியில், கால்நடைகளிடையே கோமாரி நோய் பரவத் தொடங்கியது. அவர் கால்நடை மருத்துவர் இல்லை. தொற்று பரவும் வேகத்தைக் கணக்கிடத் தெரிந்தவர்களைக் கூட்டி, அவர்கள் சொன்னதைப் பிரதமருக்கு எடுத்துச் சொல்வதுதான் அவர் வேலையாக இருந்தது.

அப்படியென்றால் வேதியியல் எதற்கு? வேதியியலாளருக்கு ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் "எவ்வளவு?" என்று கேட்பார். எந்த முறையில் அளந்தீர்கள், பிழை எல்லை என்ன, தேடும் பொருளே சேராத வெற்று மாதிரியில் என்ன வந்தது என்று அடுத்தடுத்துக் கேட்பார். அதிகாரிகளின் கூட்டத்தில் அதிகம் தேவைப்படுவதும் அரிதாகவே கேட்கப்படுவதும் இந்தக் கேள்விகள்தாம். நீங்கள் கொண்டுபோகும் மூலதனம் இது. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாமே அதைத் தொலைக்காமல் எப்படி எடுத்துச் செல்வது என்பதைப் பற்றியவை.

முதல் படி: உங்கள் துறையில் வேர் பிடியுங்கள்

அவசரப்படாதீர்கள். கையால் சோதனை செய்து, தோற்று, மறுபடி செய்து, சக ஆய்வாளர்களின் கண்டனத்தைத் தாங்கிய ஒருவர் சொல்லும்போதுதான் "இந்தத் தரவை நம்பலாம்" என்ற சொல்லுக்கு எடை இருக்கும். எந்தப் பிரிவு என்பது அவ்வளவு முக்கியமில்லை. பகுப்பாய்வு வேதியியலும் சுற்றுச்சூழல் வேதியியலும் அரசின் அன்றாடப் பிரச்சினைகளுக்குச் சற்று அருகில் இருப்பவை, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை இப்போதே தொடங்கலாம். ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்கள் கொண்டுவரும் பிரச்சினைகளுக்குக் காது கொடுங்கள். சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் வாழ்க்கையில் இது அழகாக நடந்தது. நீர்மத்தில் நுண்துகள்கள் பரவி நிற்கும் கூழ்மங்களையும், எண்ணெயும் நீரும் கலந்த பால்மங்களையும் ஆராய்ந்து, 1921-இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் லாகூரில் பேராசிரியராக இருந்தவர் அவர். எண்ணெய்க் கிணறு தோண்டும் நிறுவனம் ஒன்று ஒரு சிக்கலோடு அவரிடம் வந்தது. துளையிடும்போது பயன்படுத்தும் களிமண் சேறு, நிலத்தடி உப்புநீரோடு கலந்ததும் இறுகிக் கெட்டியாகி வேலையையே நிறுத்திவிடுகிறது. கூழ்மத் துகள்கள் உப்பைக் கண்டதும் ஒன்றோடொன்று திரண்டுவிடும் என்பது அவருக்குப் பாடப்புத்தகப் பாடம். ஒருவகைத் தாவரப் பிசினைச் சேர்த்தால் சேறு திரளாமல் இளகியே இருக்கும் என்று கண்டு சொன்னார். நிறுவனம் மகிழ்ந்து 1,50,000 ரூபாய் தர முன்வந்தபோது, அதைத் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கே ஒதுக்கச் செய்தார். 1942-இல் உருவான இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் முதல் தலைமை இயக்குநர் அவர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அரசின் அறிவியல் துறைச் செயலராகவும் இருந்தார். அடுத்தவர் மொழியில் வந்த பிரச்சினையைப் புரிந்துகொண்டது, பண விஷயத்தில் கை சுத்தமாக இருந்தது: இந்த இரண்டும் அவருக்கு அந்தப் பதவிக்கு வெகு காலம் முன்பே வாய்த்திருந்தன.

இரண்டாம் படி: சின்னக் குழுக்களில் உட்காருங்கள்

தலைமை ஆலோசகர் பதவிக்கு யாரும் நேராக விண்ணப்பித்துச் சேர்வதில்லை. அதற்கு முன் பல ஆண்டுகள் பெயர் தெரியாத குழுக்களில் உழைத்திருப்பார்கள். மருந்துத் தரநூல் குழு, குடிநீர்த் தரக் குழு, உணவுச் சேர்மானங்களை, அதாவது உணவில் சேர்க்கும் பொருள்களை, மதிப்பிடும் குழு என்று அவை எங்கும் இருக்கின்றன. உலக அளவிலும் உண்டு. உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்மான வல்லுநர் குழு 1956 முதல் கூடிவருகிறது. வேதி ஆயுதத் தடை அமைப்புக்கு 25 பேர் கொண்ட அறிவியல் ஆலோசனைக் குழு இருக்கிறது. எளிதில் சிதையாத கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், எந்தப் பொருளைத் தடைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ஆராயும் குழுவில் 31 பேர். இவற்றுக்கெல்லாம் வேதியியலாளர்கள் வேண்டும். எடுத்த எடுப்பில் உறுப்பினராக முடியாவிட்டாலும், உறுப்பினராக இருக்கும் பேராசிரியருக்கு ஆவணங்களைப் படித்துத் தொகுத்துக் கொடுக்கும் உதவியாளராகச் சேரலாம். அந்தக் கட்டுக்கட்டான ஆவணங்களைப் படிப்பதே பெரிய பயிற்சி.

இளம் ஆய்வாளர்களுக்கென்றே சில நல்கைகள் உள்ளன. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1973 முதல் முனைவர்களை ஓராண்டுக் காலம் நாடாளுமன்ற, அரசு அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்ப அலுவலகம், முனைவர் பட்ட மாணவர்களைச் சில மாதங்கள் அமர்த்தி, உறுப்பினர்களுக்கான சுருக்கக் குறிப்பு எழுதவைக்கிறது. 2014-இல் தொடங்கிய அரசு அறிவியல் ஆலோசனைக்கான பன்னாட்டு வலையமைப்பு பல நாடுகளில் பயிலரங்குகள் நடத்துகிறது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட நல்ல பள்ளிக்கூடம் ஓர் ஒழுங்குமுறை அமைப்பில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்ப்பது. மருந்து, உணவு, பூச்சிக்கொல்லி, சுற்றுச்சூழல், எதுவானாலும் சரி. வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பான வேலைபோலத் தெரியும். ஆனால் ஒரு சட்டம் எழுதப்படும்போது அறிவியல் எந்த வாசலில் நுழைகிறது, எங்கே வெளியேற்றப்படுகிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும். அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலாளராக இருந்த ஹார்வி வைலி, 1902-இல் தாமாக முன்வந்த இளைஞர்களுக்கு, போராக்ஸ் போன்ற அன்றைய உணவுப் பதப்படுத்திகளை அளந்து உணவோடு கொடுத்து விளைவுகளைப் பதிவு செய்தார். இன்று அப்படியொரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஆனால் 1906-இல் வந்த தூய உணவு, மருந்துச் சட்டத்துக்கு அவருடைய விடாப்பிடியான உழைப்பு ஒரு பெரிய காரணம்.

மூன்றாம் படி: ஒரே பக்கத்தில் எழுதப் பழகுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே ஓர் உண்மை நிகழ்வை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2018 ஜூலை. இரத்த அழுத்தத்துக்கு லட்சக்கணக்கானோர் அன்றாடம் விழுங்கும் வால்சார்டன் மாத்திரைகள் சிலவற்றில் என்-நைட்ரோசோ டைமெத்தில் அமீன் என்ற மாசு இருப்பது தெரியவருகிறது. விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மனிதர்களிலும் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுவது. அமைச்சர் அலுவலகத்திலிருந்து அழைப்பு: "மாலைக்குள் ஒரு குறிப்பு வேண்டும்."

வேதியியலாளரின் கை தானாக எழுதத் தொடங்குவது இப்படி இருக்கும்: டெட்ரசோல் வளையத்தை உருவாக்கும் செய்முறையை உற்பத்தியாளர் மாற்றினார், டைமெத்தில் ஃபார்மமைடு கரைப்பானாகப் பயன்பட்டது, அது சிறிதளவு சிதைந்து டைமெத்தில் அமீன் தந்தது, மிச்சமிருந்த அசைடை அழிக்கச் சேர்த்த நைட்ரைட், அமிலச் சூழலில் அந்த அமீனோடு வினைபுரிந்தது. அருமையான விளக்கம். படிக்கும்போது எனக்கும் மனம் நிறைகிறது. ஆனால் அமைச்சருக்கு அந்த மாலையில் அது வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியவை நான்கே செய்திகள்: என்ன நடந்தது, யாருக்கு எவ்வளவு ஆபத்து, என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை.

குறிப்பு இப்படித் தொடங்கலாம்:

"சில நிறுவனங்களின் வால்சார்டன் மாத்திரைகளில் புற்றுநோய் வாய்ப்பைச் சற்றே கூட்டக்கூடிய மாசு கண்டறியப்பட்டுள்ளது. ஆபத்து உடனடியானது இல்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து உட்கொள்வதால் சேர்வது. மருந்தைத் திடீரென நிறுத்துவதால் வரக்கூடிய பக்கவாதம், மாரடைப்பு ஆபத்து அதைவிடப் பெரியது, உடனடியானது."

இந்த நான்கு வாக்கியங்களிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. அடுத்து "எவ்வளவு?" வர வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த ஆண்டு வெளியிட்ட மதிப்பீடு இது: மாசுபட்ட மாத்திரையை மிக உயர்ந்த அளவான 320 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் நான்கு ஆண்டுகள் 8,000 பேர் உட்கொண்டால், அவர்கள் வாழ்நாள் முழுவதிலும் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். நாளொன்றுக்கு ஏற்கத்தக்க அளவு 96 நானோகிராம் என்று பின்னர் வரையறுத்தார்கள். "புற்றுநோய் மாசு" என்ற சொல்லோடு மட்டும் இந்தச் செய்தி மக்களிடம் போயிருந்தால் எத்தனை பேர் அன்றிரவே மாத்திரையைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 8,000-இல் ஒருவர் என்ற எண்ணும், "மாற்று மருந்து கையில் கிடைக்கும்வரை நிறுத்தாதீர்கள்" என்ற வரியும் உயிர் காப்பவை.

பிறகு வழிகள். பாதிக்கப்பட்ட தொகுதிகளை மட்டும் திரும்பப் பெறலாம், எல்லாவற்றையும் நிறுத்தலாம், சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம். முதல் வழியில் எத்தனை நோயாளிகளுக்கு மாற்று மருந்து தேட வேண்டியிருக்கும், இரண்டாவதில் எவ்வளவு தட்டுப்பாடு வரும், மூன்றாவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கடைசியாக, இன்னும் தெரியாதவை என்னென்ன, எப்போது தெரியும். வினைமுறை விளக்கத்தை இணைப்பாக வைத்துவிடுங்கள். ஒழுங்குமுறை அமைப்பின் வேதியியலாளர்களுக்கு அது பொன்னானது. இதே கரைப்பானும் இதே நைட்ரைட்டும் சேரும் வேறு மருந்துகள் எவை என்று தேட அவர்களுக்கு அதுதான் வழிகாட்டும்.

வாரம் ஒரு செய்தியை எடுத்து இப்படி ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். எழுதியதை வேதியியல் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவருக்கு என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லவையுங்கள். அவர் சொல்வதற்கும் நீங்கள் எழுத நினைத்ததற்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் பயிற்சி.

நான்காம் படி: "இருக்கிறது" என்பதையும் "கெடுக்கும்" என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள்

கருவிகள் ஆண்டுக்காண்டு கூர்மையாகின்றன. நேற்று "இல்லை" என்று அறிக்கை தந்த அதே நீரில் இன்று "இருக்கிறது" என்று வரும். நீர் மாறவில்லை, அதை அளக்கும் நிறை நிறமாலைமானி என்ற கருவி மாறியிருக்கிறது. சட்டம் எழுதுபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு 1959 நல்ல சான்று. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் உணவுச் சேர்மானச் சட்டத்தில் டெலானி விதி சேர்க்கப்பட்டிருந்தது: விலங்குகளிலோ மனிதர்களிலோ புற்றுநோய் உண்டாக்கும் எந்தச் சேர்மானத்துக்கும் அனுமதி கிடையாது. அளவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1959 நவம்பரில், நன்றி நவிலல் நாள் விருந்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, கிரான்பெரிப் பழங்கள் சிலவற்றில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லி இருப்பதாக அரசு அறிவித்தது. எலிகளுக்குத் தைராய்டுக் கட்டி உண்டாக்கிய பொருள் அது. நாடெங்கும் விற்பனை சரிந்தது.

அப்போது அதிபர் ஐசன்ஹோவரின் அறிவியல் ஆலோசகராக இருந்தவர் ஜார்ஜ் கிஸ்டியாகோவ்ஸ்கி, வினைவேகங்களை ஆராய்ந்த இயற்பிய வேதியியலாளர். உணவுச் சேர்மானங்கள் பற்றி ஆராய அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு ஒரு வல்லுநர் அணியை அமைத்தது. 1960-இல் அறிக்கையும் வந்தது. விதி உடனே மாறிவிடவில்லை. பூச்சிக்கொல்லி எச்சங்களைப் பொறுத்தவரை "தீங்கு வராது என்பதற்கு நியாயமான உறுதி" என்ற அளவுகோல் சட்டமானது 1996-இல். நல்ல ஆலோசனை பலிக்க ஒரு தலைமுறைக்கும் மேல் ஆகலாம். இதைச் சோர்வுக்காகச் சொல்லவில்லை. அறிக்கையை நீண்ட நாள் வாழும்படி எழுதுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பத்துக்கும் தயாராக இருங்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவு சொல்வது சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே. ஆபத்தின் அளவை அது சொல்வதில்லை. இதை ஒரு நிமிடத்தில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: உறுதியின் அளவைச் சொல்லுங்கள்

நூறு விழுக்காடு தூய்மை வரும்வரை வடித்துக்கொண்டே இருப்பது வேதியியலாளரின் இயல்பு. அமைச்சரவைக் கூட்டம் வியாழக்கிழமை என்றால் அதுவரை கிடைத்த சான்றோடுதான் நீங்கள் பேச வேண்டும். குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் அடுக்கைக் கெடுக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதியபோது, வளிமண்டலத்தில் அது நடப்பதை யாரும் நேரில் காணவில்லை. அது வினைவேகக் கணக்கு. ஆனாலும் 1978-இல் அமெரிக்கா பெரும்பாலான தெளிப்பான்களில் அவற்றைத் தடை செய்தது. அண்டார்க்டிகா மேல் ஓசோன் இழப்பு பற்றிய ஆய்வு வெளியானது 1985-இல். அவற்றை உலக அளவில் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்பாடு 1987-இல். அரைகுறை உறுதியோடு எடுத்த முதல் அடி அடுத்த அடிகளுக்கு வழி திறந்தது.

"ஓரளவு", "அநேகமாக" போன்ற சொற்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. அங்கே ஒன்றை "நிகழக்கூடும்" என்று வகைப்படுத்தினால் 66 விழுக்காட்டுக்கு மேல், "நிகழ மிகவும் வாய்ப்புண்டு" என்றால் 90 விழுக்காட்டுக்கு மேல். உங்கள் குறிப்புகளிலும் இப்படி ஓர் அளவுகோலைத் தொடக்கத்திலேயே வரையறுத்து, கடைசிவரை மாற்றாமல் பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: எல்லையையும் கையையும் சுத்தமாக வையுங்கள்

முடிவெடுப்பவர் மக்களிடம் வாக்குப் பெற்றவர். நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்; வேலைவாய்ப்பு, செலவு, மக்கள் மனநிலை என்று அவர் பார்க்க வேண்டியவை உங்கள் தாளில் இருக்காது. அதற்காகத் தரவை வளைத்துத் தர வேண்டியதில்லை. "சான்று இப்படிச் சொல்கிறது, முடிவு உங்களுடையது" என்று எழுத்தில் இருக்கட்டும். இந்த எல்லைக்கோடு சிலவேளை உரசலில் முடியும். 2009-இல் பிரிட்டனில் போதைப்பொருள் ஆலோசனைக் குழுத் தலைவர் டேவிட் நட், கொள்கைக்கு மாறாகப் பொதுவெளியில் பேசியதற்காக நீக்கப்பட்டார். பெரும் சர்ச்சைக்குப் பின், ஆலோசகர்களின் கருத்துச் சுதந்திரத்தை மதிக்கும் கோட்பாடுகளை அரசு 2010-இல் வெளியிட்டது. பதவியேற்கும் முன் உங்கள் நாட்டில் அப்படியொரு எழுத்து விதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பண உறவுகளை முதல் நாளே வெளியிடுங்கள்: பங்குகள், ஆய்வு நிதி, ஆலோசனைக் கட்டணம், வாழ்க்கைத்துணையின் வேலை உட்பட. பெட்ரோலில் சேர்த்த ஈயம் பற்றி இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1920-களிலிருந்து பல பத்தாண்டுகள் அதன் பாதுகாப்பு பற்றிய அறிவு பெரும்பாலும் அதைத் தயாரித்தவர்களின் பணத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்தே வந்தது. உடலில் இருக்கும் ஈயம் இயல்பானதுதான் என்ற வாதத்தை, புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 1965-இல் தம் அளவீடுகளை வைத்து உடைத்தார். மாசு புகாத தூய ஆய்வகத்தில் அளக்கத் தெரிந்தவர் அவர். மற்றவர்களின் மாதிரிகளில் ஈயம் வெளியிலிருந்தே கலந்திருந்தது. சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகம் முழுவதும் நின்றது 2021-இல்தான். இடைப்பட்ட காலத்தில் எத்தனை குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டது என்று நினைக்கும்போது, நிதி யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியை யாரும் அற்பமாகக் கருத முடியாது.

பதவிக்கு வந்தபின்

முதல் சில மாதங்களில் நிரந்தர அதிகாரிகளைச் சந்தியுங்கள். வரவுசெலவுத் திட்டம் எந்த மாதம் உருவாகிறது, எந்தக் கோப்பு யார் மேசையில் நிற்கும் என்று கற்றுக்கொள்ளுங்கள். நச்சியல், தொற்றுநோய், நீரியல், கதிரியக்கம், வெடிபொருள் என ஒவ்வொன்றுக்கும் நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கக்கூடிய இருவரின் எண்கள் உங்களிடம் இருக்கட்டும். நெருக்கடி வந்தபின் தேடினால், முதலில் கையை உயர்த்துபவர்தான் கிடைப்பார், சரியானவர் கிடைக்க மாட்டார்.

எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில், உரமாகவும் வெடிபொருளாகவும் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட் 2,750 டன் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கிடந்தது. அதை அகற்றச் சொல்லி அதிகாரிகள் பலமுறை கடிதம் எழுதியிருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று அது வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு பதிவேடு வையுங்கள்: யாருக்கு, எந்தத் தேதியில், பதில் வந்ததா, அடுத்து யாரிடம் கேட்பது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து, பதில் வராதவற்றை நேரில் போய்க் கேளுங்கள்.

விலகும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். கிஸ்டியாகோவ்ஸ்கி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், அணுகுண்டின் வெடிவில்லைகளை (வெடிப்பின் அழுத்தத்தை உள்நோக்கிக் குவிக்கும் வெடிபொருள் அமைப்புகளை) உருவாக்கிய குழுவை நடத்தியவர். வெள்ளை மாளிகையில் 1959 முதல் 1961 வரை இருந்தார். 1968-இல் வியட்நாம் போரை எதிர்த்துப் பாதுகாப்புத் துறையோடு உறவை முறித்துக்கொண்டு, மீதி வாழ்நாளை அணு ஆயுதக் குறைப்புக்காகச் செலவிட்டார். எந்தக் கோட்டைத் தாண்டினால் விலகுவீர்கள் என்பதைப் பதவியேற்கும்போதே உங்களுக்கென எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருபவருக்கு ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: முடிவாகாத கேள்விகள், பதில் வராத எச்சரிக்கைகள், நம்பத்தக்க ஆட்களின் பட்டியல், எந்தத் தரவு எந்தத் தேதியில் காலாவதியாகும் என்ற குறிப்பு. அதை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தால், கடைசி வாரத்தில் அவசரமாக எழுத வேண்டியிருக்காது.